முசரவாக்கத்துப் பிள்ளையும் என் கையெழுத்தும்

சேகரு, இந்தக் கடிதத்தை உன் டிரங்குப் பெட்டியில் புது வேட்டிகளுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். நீ அரூர் போய்ச் சேர்ந்து, அந்த மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வழி விசாரித்து, தங்குவதற்கு ஓர் இடம் பிடித்துப் பெட்டியைத் திறக்கும்போதுதான் இது உன் கையில் கிடைக்கும். வீட்டிலேயே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என் எதிரிலேயே பிரித்துப் படிப்பாய். அப்போது உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. மற்றபடி நான் எதற்கும் பயந்தவன் இல்லை என்று நீயே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாய். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கேயோ சுருக்கென்று குத்தும். ஏன் குத்தியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நிதானமாக உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் படி.

வாத்தியார் வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் குழந்தைகளைத் தெரியும். காஞ்சிபுரம் ராஜ வீதி முனையில் இத்தனை வருஷமாக வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறவனுக்குக் குழந்தைகளைத் தெரியாமல் இருக்குமா? அரைவண்டி கேட்டு வருகிற பிள்ளை, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற விதத்திலேயே அது காலையில் சாப்பிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். வீட்டில் அடி வாங்கிய பிள்ளை கடைக்குள் வரும்போது முதலில் என் கையைப் பார்க்கும், பிறகுதான் முகத்தைப் பார்க்கும். அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். முதல் நாள் பாடப் புத்தகத்தைத் திறக்காதே. எல்லாப் பிள்ளைகளையும் கிட்டே கூப்பிட்டுப் பார். கண்ணைப் பார், காதைப் பார், காலில் புண் இருக்கிறதா பார். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தது என்று நினைக்காதே. பின்னாலிருந்து கையைத் தட்டிப் பார். இது நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கடையில் ஒரு டியூப் வெடித்த அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும்.

அப்போது நீ பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாய். நீ, நெசவுக்கார வீட்டு நாகராஜு, கொத்தனார் மகன் சாமுவேல் மூன்று பேரும் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து வரிசையாக நின்றீர்கள். எதையோ உடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். “நைனா, வைகாசி கருட சேவைக்கு ஒரு கொட்டாய் போடப்போறோம். கூட்டத்துல தொலஞ்சிபோற கொழந்தைங்களக் கூட்டியாந்து வச்சிக்கினு, பெத்தவங்க வந்தா ஒப்படைக்கறது. தண்ணியும் குடுப்போம்” என்றாய். முந்தின வருஷம் கூட்டத்தில் அழுதுகொண்டு நின்ற ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நீ திரும்பி வந்தாயாம். அது உன் மனசில் கிடந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. நான் சிரித்தேன். “உன்னையே நாலு வாட்டி கூட்டத்துல தேடி இருக்கறேன். நீ அடுத்தவன் புள்ளையப் பாத்துக்கப் போறியா? போய்ப் படிக்கற வேலையப் பாருடா” என்றேன். சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டான். நாகராஜு மட்டும், “ரெண்டு பெஞ்சு குடுங்க போதும்பா, பாக்கி நாங்க பாத்துக்கறோம்” என்றான். பெஞ்சைக் கொடுத்தேன். நல்ல மனசோடு கொடுக்கவில்லை. எப்படியும் ஒரு மணி நேரத்தில் அலுத்துப்போய்த் திரும்பி வருவீர்கள், அப்போது கேலி செய்யலாம் என்றுதான் கொடுத்தேன்.

நீங்கள் திரும்பி வரவில்லை. விடிகாலையில் சாமி புறப்பட்டதிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறுகிறவரைக்கும் அந்தக் கொட்டகையில் நின்றீர்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிக் குழாய் செய்து, அதை வாயில் வைத்துக் கத்திக் கத்தி உன் குரலே போய்விட்டது. பதினோரு பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைத்ததாகச் சொன்னாய். ஒவ்வொரு தாயும் ஓடி வந்து தன் பிள்ளையை இழுத்து முதுகில் ஒன்று வைத்து, பிறகு கட்டிக்கொண்டு அழுததையெல்லாம் நீ எனக்கு நடித்துக் காட்டினாய். மேளமும் வேட்டும் அடங்கி, கூட்டம் கலைந்து, பந்தல்காரன் மூங்கிலைப் பிரிக்க வந்தபோது ஒரு பெண் குழந்தை மட்டும் பெஞ்சில் மிச்சம். நாலு அல்லது ஐந்து வயசு இருக்கும். அழவில்லை. எது கேட்டாலும் பதிலும் இல்லை. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே இருந்த ஏட்டு எழுதிக்கொண்டு, “இங்க பொம்பளைங்க யாரும் இல்ல. சைக்கிள் கடைக்காரர் வூட்டுல வச்சிருங்க, தேடிக்கினு வந்தா அனுப்பறோம்” என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்தது.

உன் அம்மா அதை எப்படி வாங்கிக்கொண்டாள் என்று உனக்கு நினைவிருக்கும். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். தலையில் பேன் எடுத்தாள். தன் ரவிக்கைத் துணியை வெட்டி ஒரு கவுன் தைத்துப் போட்டாள். பாப்பா, பாப்பா என்று பின்னாலேயே திரிந்தாள். உனக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தை எங்களுக்குத் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி நானும் அவளும் பேசிக்கொண்டதே இல்லை. அந்த மூன்று நாளும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குக் கிலி பிடித்தது. பெற்றவர்கள் வந்து கூட்டிப்போனால் இவள் என்ன ஆவாள் என்று யோசித்தேன். வராமல் போனால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். ரெண்டாவது யோசனைதான் என்னைத் தின்றது.

மூன்றாம் நாள் பிள்ளையைக் கடையில் ஸ்டூல் மேல் உட்காரவைத்துவிட்டு ஒரு வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பழைய டியூப். படார் என்று வெடித்தது. தெருவில் போன மாடு மிரண்டது. எதிர்ச் சாரியில் பூக்கட்டுகிறவள் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பிள்ளை அசையவில்லை. கையிலிருந்த பழைய பெல்லைத் திருகிக்கொண்டே இருந்தது. நான் பின்னால் போய் நின்று கையைத் தட்டினேன். ஸ்பேனரால் மட்கார்டில் அடித்தேன். ஒன்றுமில்லை. முன்னால் வந்து நின்றதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்குக் காது கேட்காது, அதனால்தான் பேச்சும் வரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன நினைத்திருப்பான்? பாவம், எவ்வளவு பயந்திருக்கும், சீக்கிரம் தாயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். நான் வேறு மாதிரி நினைத்தேன். ஓகோ, விஷயம் இதுதானா, வேண்டுமென்றே கூட்டத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், இனி யாரும் வரப்போவதில்லை, இது நம் தலையில்தான் விடியப்போகிறது என்று நினைத்தேன். பெற்றவளின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமலேயே அவளை அப்படி ஒரு நொடியில் தீர்மானித்தேன். கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். குழந்தையை வீட்டில் வைத்திருக்க முடியாது, அரசாங்கக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டேன். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினேன். “பேச்சும் செவியும் இல்லாத இந்தக் குழந்தையைப் பெற்றோர் வேண்டுமென்றே விட்டுச் சென்றதாகத் தெரிகிறது” என்று என் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அப்படி எழுதினால்தான் வேலை சுருக்காக முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கே தோன்றியது.

மறுநாள் நீ காலேஜுக்குப் போயிருந்த நேரம், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். ஒரு கான்ஸ்டபிளும் ஒரு அம்மாளும் வந்து பிள்ளையைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அது என் விரலைப் பிடித்துக்கொண்டு ஜீப் வரைக்கும் வந்தது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்ததோ என்னவோ. நீ வந்து கேட்டபோது, “போலீஸ்காரன் வந்து கூட்டிக்கினு போயிட்டான்டா, நாம இன்னா பண்ண முடியும்” என்றேன். நீ புத்தகத்தை விசிறிப் போட்டாய். “எங்களக் கேக்காம எப்டி நைனா குடுத்த? நாங்கதான பொறுப்பு?” என்று கத்தினாய். உன் அம்மா அந்தக் கவுனோடு தைத்து வைத்திருந்த இன்னொரு கவுனை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மறுநாள் காலை நீங்கள் மூன்று பேரும் வந்து, ஊர் ஊராகப் போய் விசாரிக்கப்போகிறோம், வண்டி வேண்டும் என்று கேட்டீர்கள். நான் இருப்பதிலேயே நல்ல வண்டிகளாக மூன்று எடுத்துக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். வாடகை கேட்கவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று நினைத்தாய். சேகரு, அது பெருந்தன்மை இல்லை. குற்றம் செய்தவன் வேறொன்றைக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிற புத்தி அது. ஆனாலும் ஒன்று சொல்வேன். கொடுத்ததே பிறகு உபயோகப்பட்டது. மனசு சுத்தமாகட்டும், அப்புறம் நல்லது செய்யலாம் என்று காத்திருந்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

ஓரிக்கைக்குப் போனீர்கள், பாலாற்று மணலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்கும் போனீர்கள். ஐயம்பேட்டைக்குப் போனீர்கள். ஒவ்வொரு ஊரிலும் தகரக் குழாயை வைத்துக் கூவினீர்கள். சிரித்தவர்கள் சிரித்தார்கள், மோர் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். ஐயம்பேட்டை ரோட்டில் நிழலுக்கு ஒதுங்கி நுங்கு வாங்கித் தின்றபோதுதான் விஷயம் புரிந்தது என்று நீ சொன்னாய். சாமுவேல் இடது கையில் காயைப் பிடித்து வலது கட்டைவிரலை விட்டு நெம்பி எடுத்து வாயில் போட்டான். நீ அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாயாம். நம் வீட்டில் இருந்த மூன்று நாளும் அந்தப் பிள்ளை ஓயாமல் அதைத்தானே செய்துகொண்டிருந்தது? ஒரு கையை மூடி வைத்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் குடைந்து, வாயருகே கொண்டுபோகும். பசி என்று நினைத்து உன் அம்மா சோறு போடுவாள். அது தட்டை நகர்த்திவிட்டுத் திரும்பவும் அதையே செய்யும். சோறு கேட்கவில்லை அது. தன் ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தது. தன் தாயைச் சொல்லிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எங்கள் ரெண்டு பேருக்கும் புரியவில்லை, வெயிலில் அலைந்த மூன்று பையன்களுக்குப் புரிந்தது.

அப்புறம் நீங்கள் கூவுவதை விட்டுவிட்டு, கருட சேவைக்கு எந்தெந்த ஊரிலிருந்து நுங்கு கொண்டுவந்து விற்றார்கள் என்று கேட்க ஆரம்பித்தீர்கள். ரெண்டே நாளில் முசரவாக்கம் என்று தெரிந்துவிட்டது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு குடிசை. முனியம்மா என்கிற கூலிக்காரப் பெண். கூடையை இறக்கி வைத்து நுங்கு சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்திலிருந்த மகளைக் காணோம். கூப்பிட்டால் கேட்காத பிள்ளையை அந்தக் கூட்டத்தில் எப்படித் தேடுவாள்? யாரோ ஒருவன், அந்த மாதிரி ஒரு பிள்ளையை ஒருத்தி மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள் என்று சொல்லியிருக்கிறான். அதை நம்பிப் புருஷன் கன்னியப்பன் மெட்ராசுக்குப் போய்த் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தான். இவள் தினமும் நடந்தே காஞ்சிபுரம் வந்து, பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ் ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஸ்டேஷன் படியேறப் பயம். நம் கடையிலிருந்து அந்த பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம். பிள்ளை என் ஸ்டூலில் உட்கார்ந்து பெல்லைத் திருகிக்கொண்டிருந்தபோது தாய் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

நீ அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு கடைக்கு வந்தாயே, அந்தக் காட்சியை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். இறங்கினதும் அவள் கேட்ட முதல் வார்த்தை, “என் புள்ள சாப்டுச்சாப்பா?” என்பதுதான். இவளைத்தான் நான், வேண்டுமென்றே விட்டுச் சென்றவள் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நான் வீட்டுக்குள்ளே போய், உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. கடைசியில், “மொதல்ல போய்ப் புள்ளையக் கூட்டிக்கினு வா. மிச்சத்த அப்பறம் பேசிக்கலாம்” என்றாள். நான் அன்றைக்கே கடையை மூடிக்கொண்டு, முனியம்மாவையும் உன்னையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். அதற்கு முன்னால் முசரவாக்கம் போய், கிராம அதிகாரியான முனிசீப்பிடம், இவள் இன்னார் மனைவி, இவளுக்கு இப்படி ஒரு மகள் உண்டு என்று கடுதாசியும் வாங்கினோம். அன்றிலிருந்துதான் நீ, “எங்க நைனா கடையவே மூடிட்டு வந்தாரு” என்று சொல்ல ஆரம்பித்தாய்.

செங்கல்பட்டில் இறங்கியதும் உன்னை பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கச் சொன்னேன். திரும்புகிற பஸ் எப்போது என்று விசாரி, பிள்ளைக்குப் பன் வாங்கி வை என்றேன். வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். உள்ளே நான் நினைத்தபடியே ஆயிற்று. அங்கிருந்த குமாஸ்தா ஃபைலைப் புரட்டி, என் மனுவை உரக்கப் படித்தார். “விட்டுட்டுப் போனவங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு, இப்ப நீங்களே கூட்டியாந்து பெத்தவங்கன்றீங்க. விட்டுட்டுப் போனவங்ககிட்ட அப்டியே தூக்கிக் குடுக்க முடியாதுங்க. விசாரணை வைக்கணும். மாசக்கணக்குல ஆவும்” என்றார். முனியம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். ஏன் என்று கேட்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

நான் அந்தக் காப்பகத்தின் தலைவி அம்மாளைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். வந்தார்கள். வயதானவர், கண்ணாடி போட்டவர். “அம்மா, நான் எழுதினது பொய். இவங்க விட்டுட்டுப் போவல. எனக்கு எதுவும் தெரியாது. வூட்டுல பாரமாயிடும்னு பயந்து எழுதினேன். இப்ப அப்டியே எழுதித் தரேன், எனக்கு எந்த தண்டனை வேணும்னாலும் குடுங்க, புள்ளைய நிறுத்தி வைக்காதீங்க” என்றேன். அந்த அம்மா ஒரு காகிதத்தை என் முன்னால் தள்ளினார்கள். எழுதினேன். அதிலும் அதே கையெழுத்துத்தான். பிறகு ஒரு ஆயாவைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார்கள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற சட்டை. வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறது, சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆயா சொன்னாள். வாசல்படியில் நின்ற பிள்ளை முனியம்மாவைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டது. அது வாயிலிருந்து சத்தம் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ஓடி வந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முந்தானைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டது. தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “முனிசீப் கடுதாசியும் இருக்குது. கையெழுத்து வாங்கிக்கினு அனுப்புங்க” என்றார்கள். பிள்ளையின் பெயர் அஞ்சலை என்று அந்த நோட்டில் முனியம்மா சொல்லச் சொல்ல எழுதினார்கள். அதுவரை நமக்கெல்லாம் அது வெறும் பாப்பாதானே.

பஸ் ஸ்டாண்டில் நீ பன்னோடு ஓடி வந்ததும், அஞ்சலை உன்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்ததும் உனக்குத் தெரிந்த கதை. வழி நெடுக முனியம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. நானும் அதைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பெரும்பங்கு உங்களுடையது. பிள்ளை கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நீங்கள் விடவில்லை. மெட்ராசில் காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சாமுவேல் விசாரித்து வந்தான். மகளை மறுபடியும் பிரிய முடியாது என்று கன்னியப்பன் அழுதபோது, நாகராஜு அவனைப் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப்போய், அங்கே பிள்ளைகள் விரலால் பேசிச் சிரிப்பதைக் காட்டினான். அப்புறம்தான் அவன் சம்மதித்தான். ஒவ்வொரு லீவுக்கும் உங்களில் ஒருவர் போய் அஞ்சலையைக் கூட்டிவருவீர்கள். மறு வருஷக் கருட சேவைக்கு, ஊருக்குள் வருகிற குழந்தைகளின் மணிக்கட்டில் பெயரும் ஊரும் எழுதின துணி நாடாவைக் கட்டி விட்டீர்கள். என் கடை வாசலில்தான் உட்கார்ந்து எழுதினீர்கள். நான் இங்க் கலக்கிக் கொடுத்தேன். இப்போது அந்த வேலையை உங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் செய்கிறார்கள், பெண் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு தப்பும் செய்தேன், அது உனக்கே தெரியும். நீங்கள் மூன்று பேரும் பிறகு ஆரம்பித்த சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். அஞ்சலையை மேடையில் நிறுத்தி எல்லாருக்கும் காட்ட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அழைத்து வா என்று உன்னிடம் சொன்னேன். “அது இன்னா பொருட்காட்சியா நைனா? அதுவும் நம்ம தங்கச்சி மாதிரி ஒரு பொண்ணு. கீழே உக்காந்து நாடகம் பாக்கட்டும்” என்றாய். பெரிய மனிதர் முகம் சுருங்கிப் போய்விட்டார். அவர் கொடுப்பதாகச் சொன்ன உதவியும் வரவில்லை. நீ கவலைப்படவில்லை. உனக்கு அப்போது பதினெட்டு வயசு. அந்த வயசில் அந்தப் புத்தி எனக்கு இல்லை, இப்போதுகூட அரைகுறைதான்.

ஆகையால் உனக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அந்த ஊரில் உன்னிடம் நாலு பெரிய பிள்ளைகள் வந்து, சார், நாங்க ஒண்ணு பண்ணலாம்னு இருக்கறோம் என்று நிற்பார்கள். அது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். கேட்டால் சிரிப்பு வரும். நான் சிரித்த மாதிரி சிரிக்காதே. பெஞ்சு கேட்டால் பெஞ்சு கொடு, சாவி கேட்டால் சாவி கொடு. தப்பு செய்வார்கள், செய்யட்டும், நீ கூட நின்றால் போதும். நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பார், அந்தப் பிள்ளைகளே ஓர் உயரம் கூடிப்போவார்கள். உங்கள் மூன்று பேரிடமும் அதைக் கண்ணால் பார்த்தேன். சாப்பிடாத பிள்ளையைச் சாப்பிட்ட பிள்ளை கவனிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தை நீ உண்டாக்கிவிட்டால், பாடம் தானாக வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் சொல்லாமலே உன்னை அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கம் போயிருந்தேன். அஞ்சலை லீவுக்கு வந்திருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். முனியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தேன். “அன்னிக்கு அந்த ஆபீசுல நீ எல்லாத்தையும் கேட்ட. ஏம்மா இத்தினி வருசமா யார்கிட்டயும் சொல்லல?” என்றேன். அவள் காலிச் செம்பை வாங்கி வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். “முதல்ல ரொம்ப ஆத்திரமா இருந்துச்சுப்பா. எம் புள்ளைய நான் வுட்டுட்டுப் போனேன்னு எழுதிட்டியேன்னு. அப்பறம் நீ அந்தம்மா எதுருல, பயந்து எழுதினேன்னு சொன்ன பாரு, அதையுந்தான கேட்டேன். நாலு பேரு எதுருல அப்டி யாரு சொல்றாங்க?” என்றாள். “சேகருகிட்ட சொல்லிடட்டுமாம்மா?” என்று கேட்டேன். “சொல்லுப்பா. ஊரான் புள்ளைங்களப் பாத்துக்கற வேலைக்குப் போவுது. நல்லவங்க பயந்துட்டா இன்னா செய்வாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றாள்.

சொல்லிவிட்டேன். படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம், அடக்கிக்கொள்ளாதே. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ரெண்டு வரி எழுதி அனுப்பாதே, எனக்குத் தாங்கிக்கொள்கிற தெம்பு இருக்கிறது. கார்டில் இடம் போதாது, இன்லண்ட் லெட்டராக வாங்கிக்கொள். முன்பக்கம் முழுக்க என்னைத் திட்டு. பின்பக்கத்தில் உன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை எழுது. கடைசிப் பெஞ்சில் இருக்கிறவரைக்கும், ஒருத்தரையும் விடாமல் எழுது.

உன் நைனா